டெல்லி குளிர்: அரசுக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்க, மக்கள் நடைபாதையில் தூங்குவது ஏன்?

ஜனவரி மாதம், இரவு பதினொரு மணி. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் நடைபாதையில் இடம் பிடிக்கவே போட்டி. கீழே ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு கம்பளி, போர்த்திக்கொள்ள இன்னொன்று. பீகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ நோயாளியை அழைத்து வந்த குடும்பங்கள் அவை. ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்திருப்பார்கள்; அதுவரை ஊருக்குப் போய்த் திரும்பவும் காசில்லை, லாட்ஜில் தங்கவும் காசில்லை. வெப்பநிலை 6 டிகிரி, 7 டிகிரி என்று இறங்கிக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து சற்றுத் தள்ளி உள்ள பகுதியின் பெயர் யூசுப் சராய். சராய் என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் சத்திரம். பேர் சராய், சராய் காலே கான் என்று டெல்லி முழுக்க இப்படி ஊர்ப்பெயர்கள் உண்டு. ராத்திரி நேரத்தில் வந்தவருக்கு ஒரு கூரை தர வேண்டும் என்று நினைத்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள். இன்று பெயர் இருக்கிறது, சத்திரம் இல்லை.

ஆனால் கட்டடங்களுக்குப் பஞ்சமா? அதுவும் இல்லை. அரசுப் பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், மாநகராட்சி அலுவலகங்கள், பயன்படுத்தாமல் விட்ட பழைய கட்டடங்கள் என எத்தனையோ இரவில் விளக்கணைத்துப் பூட்டிக் கிடக்கின்றன. ‘ராத்திரி மட்டும் திறந்துவிட்டா என்ன குறைஞ்சிடும்?’ என்ற கேள்வி ஒவ்வொரு குளிர்காலத்திலும் எழுகிறது. பதில் தோன்றுவதைவிடச் சிக்கலானது. ஆனால் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை.

குளிர் எப்படி உயிரைப் பறிக்கிறது?

தமிழ்நாட்டில் இருந்து பார்க்கும்போது டெல்லிக் குளிர் ஒரு சுற்றுலா அனுபவம் போலத் தெரியலாம். வெளியில் படுப்பவருக்கு அது வேறு கதை. மனித உடலின் உள்வெப்பம் சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறல், குழப்பம். ஒரு கட்டத்தில் நடுக்கமே நின்றுவிடும். பார்ப்பவர்கள் ‘தூங்கிட்டார்’ என்று நினைத்துக் கடந்து போவார்கள். உண்மையில் அந்த உடல் சூட்டை உண்டாக்கும் முயற்சியையே கைவிட்டிருக்கும்.

இதற்கு வெப்பநிலை பூஜ்யத்துக்குப் போக வேண்டும் என்றில்லை. சிமென்ட் தரை உடலின் சூட்டை உறிஞ்சும். பனியில் நனைந்த துணி, காற்று, வெறும் வயிறு மூன்றும் சேர்ந்தால் 8 டிகிரியே போதும். ‘குளிருக்கு ஒரு கட்டிங்’ என்பது இங்கே எமன். மது தோலுக்கு அருகில் உள்ள ரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், உடம்பு சூடானது போல ஓர் உணர்வு வரும். ஆனால் உள்ளிருக்கும் சூடு வேகமாக வெளியேறும். ஏற்கெனவே இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்குக் குளிர் இன்னொரு சுமை. குளிர்கால டெல்லியின் காற்று மாசையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கதவை மூடிக்கொள்ள வழியில்லாதவர்தான் அதை இரவு முழுக்கச் சுவாசிக்கிறார்.

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரியோ அதற்குக் கீழோ போனால் ‘குளிர் அலை’ என்கிறது இந்திய வானிலை ஆய்வு மையம். 10 டிகிரிக்குள் இருந்து, வழக்கத்தைவிட 4.5 டிகிரி குறைந்தாலும் குளிர் அலைதான். 2019 டிசம்பர் 30 அன்று டெல்லியில் பகல் நேர அதிகபட்ச வெப்பநிலையே 9.4 டிகிரிதான். 1901-க்குப் பிறகு டிசம்பரில் பதிவான மிகக் குளிர்ந்த பகல் அது.

இப்படி இறப்பவர்கள் எத்தனை பேர் என்பதில் ஒவ்வோர் ஆண்டும் அரசுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் இடையே தகராறு நடக்கிறது. காரணம் எளிது. இறப்புச் சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றோ ‘நிமோனியா’ என்றோ இருக்கும். ‘வீடில்லை’ என்று எந்த மருத்துவரும் எழுதுவதில்லை.

எத்தனை பேர் வெளியில் இருக்கிறார்கள்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17.73 லட்சம் பேர். அதில் நகரங்களில் மட்டும் 9.38 லட்சம். டெல்லியில் 46,724 பேர். ஒரே இரவில் டார்ச் லைட்டோடு போய் எடுக்கும் கணக்கு இது. அன்றிரவு வேலைக்குப் போனவர், போலீஸுக்குப் பயந்து இடம் மாறியவர், பாலத்துக்கு அடியில் இருட்டில் படுத்தவர் எல்லாம் கணக்கில் விடுபட்டுப் போவார்கள். அதனால் நகர மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதம் பேர் வீடற்றவர்கள் என்று வைத்துத் திட்டமிட வேண்டும் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களின் வாதம். அந்தக் கணக்குப்படி டெல்லியில் மட்டும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்.

இவர்கள் எல்லோரும் பிச்சை எடுப்பவர்கள் என்பது பொதுவான எண்ணம். அது தவறு. பழைய டெல்லியில் தள்ளுவண்டி இழுப்பவர்கள், ரிக்‌ஷா ஓட்டுபவர்கள், சந்தையில் மூட்டை தூக்குபவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிப் பாத்திரம் கழுவுபவர்கள் எனப் பெரும்பாலோர் உழைப்பவர்களே. நாள் முழுக்க வேலை செய்து கிடைக்கும் கூலியில் டெல்லியில் ஓர் அறை வாடகைக்கு எடுக்க முடியாது என்பதுதான் அவர்கள் பிரச்சினை.

தூக்கத்துக்கே ஒரு சந்தை இருக்கிறது. ஜாமா மசூதி, மீனா பஜார் பகுதிகளில் ரஜாய் எனப்படும் பஞ்சுப் போர்வையையும் கயிற்றுக் கட்டிலையும் ஓர் இரவுக்கு வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. குளிர் ஏறினால் வாடகையும் ஏறும். ஷௌனக் சென் இயக்கிய ‘சிட்டீஸ் ஆஃப் ஸ்லீப்’ என்ற ஆவணப்படம் இந்த உலகத்தைப் பற்றியதுதான். அரசு தரத் தவறிய கூரையைச் சந்தை விற்கிறது. அந்தக் காசும் இல்லாதவர் நடைபாதைக்குப் போகிறார்.

நீதிமன்றம் தலையிட்டது எப்படி?

இந்தக் கதையில் முக்கியமான திருப்பம் 2009 டிசம்பர். காமன்வெல்த் போட்டிகளுக்காக டெல்லி அழகுபடுத்தப்பட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பூசா சாலையில் வீடற்றவர்களுக்காக இருந்த தற்காலிகக் காப்பகம் ஒன்றை மாநகராட்சி இடித்தது. கடும் குளிரில் அங்கிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன்பின் அவர்களில் சிலர் இறந்ததாகச் செய்திகள் வந்தன.

அப்போது உச்ச நீதிமன்றத்தில் ‘உணவு உரிமை வழக்கு’ நடந்துகொண்டிருந்தது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த வழக்கு அது. அந்த வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர்களான என்.சி.சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். பசியால் இறப்பதைத் தடுப்பது அரசின் கடமை என்றால், குளிரால் இறப்பதைத் தடுப்பதும் கடமைதான் என்பது அதன் சாரம். உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு இரண்டுக்கும் பொது.

உச்ச நீதிமன்றம் உடனே டெல்லி அரசுக்கு உத்தரவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ‘இடமே இல்லை’ என்று சொல்லிவந்த அமைப்புகள் அவசர அவசரமாக இடம் தேடின. கூடாரங்கள் எழும்பின, சும்மா கிடந்த பொதுக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அதாவது, இடம் முன்பே இருந்தது. உத்தரவு வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு அந்த உத்தரவு டெல்லியைத் தாண்டி மற்றப் பெரிய நகரங்களுக்கும் விரிந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம். அதில் 100 பேராவது தங்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வீடற்றோர் காப்பகத் திட்டமும் இதையே ஏற்றுக்கொண்டது. ஒரு நபருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று அது சொல்கிறது. புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமல்ல, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களைச் சீரமைத்துக் காப்பகமாக்கவும் அந்தத் திட்டம் இடம் தருகிறது.

ஆனால் பணம் ஒதுக்கினால் போதுமா? பல மாநிலங்கள் வந்த பணத்தையே செலவழிக்கவில்லை. இ.ஆர்.குமார் என்பவர் தொடுத்த இன்னொரு வழக்கில், நிலைமையைச் சரிபார்க்க டெல்லி உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் 2016-இல் ஒரு குழுவையே உச்ச நீதிமன்றம் அமைக்க வேண்டியிருந்தது. அந்த வழக்கு 2025-இலும் விசாரணைக்கு வந்தது.

டெல்லியில் இப்போது என்ன இருக்கிறது?

நியாயமாகச் சொன்னால், இந்தியாவில் இந்த விஷயத்தில் அதிகம் செய்திருக்கும் நகரங்களில் டெல்லியும் ஒன்று. 2010-இல் உருவான டெல்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியம், ‘ரைன் பசேரா’ எனப்படும் இரவுக் காப்பகங்களை நடத்துகிறது. கட்டடங்களும் போர்ட்டா கேபின்களும் சேர்த்து ஏறத்தாழ 200 இடங்கள். நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை ‘குளிர்காலச் செயல்திட்டம்’ என்று ஒன்று உண்டு. அந்த நான்கு மாதங்களுக்கு மட்டும் கூடுதலாகக் கூடாரங்கள் போடுகிறார்கள். இரவில் வண்டியில் சுற்றி, வெளியில் படுத்திருப்பவர்களைக் கூட்டிவரும் மீட்புக் குழுக்களும் இருக்கின்றன.

2011-இல் டெல்லியின் மக்கள்தொகை சுமார் 1.68 கோடி. லட்சத்துக்கு ஒன்று என்றால் 168 காப்பகங்கள். எண்ணிக்கையில் டெல்லி பாஸ். ஆனால் காப்பகத்துக்கு 100 பேர் வீதம் பார்த்தால் 16,800 பேருக்குத்தான் இடம். அரசே எண்ணிய வீடற்றவர்கள் 46,724 பேர். விதிமுறையை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாலும் மூன்றில் இருவர் வெளியில்தான்.

கூடாரம் போதாதா, கட்டடம் எதற்கு?

கூடாரத்தைச் சீக்கிரம் போடலாம், சீக்கிரம் எடுக்கலாம். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். துணிக்கோ பிளாஸ்டிக் தாளுக்கோ சூட்டைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது. உள்ளே மனிதர்களின் மூச்சுக்காற்று குளிர்ந்து, கூரையில் இருந்து சொட்டும். மழை பெய்தால் தரை நனையும். கழிப்பறை வெளியே எங்கேயோ இருக்கும். இரவில் பெண்கள் அங்கே தனியாகப் போகப் பயப்படுவார்கள். தீ விபத்து ஆபத்தும் உண்டு.

கட்டடத்தில் சுவர் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பூட்டக்கூடிய கதவு இருக்கிறது. இவை நான்கும் குளிர்காலத்தில் உயிர் காக்கும் பொருட்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டக் கூடாது. ‘அங்கீட்டி’ என்று வட இந்தியாவில் சொல்லும் அந்த அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அதன் அருகில் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகின்றன. எனவே கட்டடத்தைத் திறப்பவர்கள் மெத்தையும் கம்பளியும் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வருபவர் நெருப்பைத் தேடுவார்.

எந்தக் கட்டடங்களைத் திறக்கலாம்?

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது பள்ளிக்கூடம். டெல்லி அரசு நடத்தும் பள்ளிகள் ஆயிரத்துக்கு மேல். அரசு எண்ணிய 46,724 பேருக்கும் தலைக்கு 50 சதுர அடி கொடுத்தால் சுமார் 23 லட்சம் சதுர அடி வேண்டும். ஒரு வகுப்பறை 500 சதுர அடி என்று வைத்தால் பள்ளிக்கு ஐந்து அறை. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, மாலையில் ஒரு பள்ளி நடக்கும் இடங்கள் பல என்பதால் கட்டடத்துக்கு ஏழெட்டு அறை என்றே வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் நடைமுறை? இரண்டு ஷிப்ட் நடக்கும் பள்ளியில் மாலை ஆறு, ஆறரை மணி வரை மாணவர்கள் இருப்பார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குள் அடுத்த ஷிப்ட் வரும். அதற்குள் ஆட்களை எழுப்பி, அறையைக் கூட்டிக் கழுவி, மெத்தைகளை எடுத்து வைக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் ஒருவரை விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிமூட்டத்தில் வெளியே அனுப்புவதற்குப் பெயர் காப்பகம் அல்ல. ‘எங்க பிள்ளைங்க படிக்கிற இடம்’ என்று பெற்றோர் கவலைப்படுவதையும் ஒதுக்கிவிட முடியாது.

அதே நேரம், டெல்லி அரசுப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை பெரும்பாலும் ஜனவரி முதல் பாதியில்தான். குளிர் உச்சத்தில் இருக்கும் அதே நாட்களில் பல வகுப்பறைகள் காலியாக இருக்கின்றன. பெரிய வகுப்புகளுக்குச் சிறப்பு வகுப்பு நடந்தாலும் எல்லா அறைகளும் தேவைப்படுவதில்லை. அந்தப் பதினைந்து நாட்களுக்கு, தனி வாசல் உள்ள பள்ளிகளின் தரைத்தளத்தை மட்டும் திறப்பது முடியாத காரியம் அல்ல. 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது டெல்லி அரசு பள்ளிகளைப் புலம்பெயர் தொழிலாளர்களுக்குத் தங்குமிடமாக்கியது. படுக்கை போட்டார்கள், சமைத்துப் போட்டார்கள்.

அடுத்தது சமுதாயக் கூடங்கள். கூடம், கழிப்பறை, சமையலறை எல்லாம் இருக்கும். சிக்கல் என்னவென்றால், டெல்லியில் குளிர்காலம்தான் கல்யாண சீசன். வாடகை வருமானத்தை விட அந்த அமைப்புகளுக்கு மனம் வராது.

மூன்றாவது, பயன்படாமல் கிடக்கும் அரசுக் கட்டடங்கள்: இடம் மாறிய அலுவலகம், மூடப்பட்ட மருந்தகம், ஆளில்லாத ஊழியர் குடியிருப்பு போன்றவை. உண்மையில் காப்பகத்துக்கு மிகவும் பொருத்தமானவை இவைதான். காலையில் யாரும் வந்து காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். குளிர்காலத்துக்காகத் திறந்ததை ஆண்டு முழுவதும் நடத்தலாம். ஆனால் அந்தக் கட்டடம் எந்தத் துறைக்குச் சொந்தம், மின்கட்டணம் யார் கட்டுவது, கூரை இடிந்தால் பொறுப்பு யார் என்று கோப்பு சுற்றிக்கொண்டிருக்கும். டெல்லியில் மத்திய அரசு, டெல்லி வளர்ச்சி ஆணையம், மாநில அரசு, மாநகராட்சி, ரயில்வே என நிலத்துக்கு ஐந்தாறு முதலாளிகள். காப்பகம் நடத்தும் வாரியத்தின் கையில் எல்லாக் கட்டடங்களின் சாவியும் இல்லை.

புயலுக்குத் திறக்கும் கதவு குளிருக்குத் திறக்காதா?

தமிழக வாசகர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். வங்கக் கடலில் புயல் உருவானதாக அறிவிப்பு வந்தால் போதும். கடலூரிலோ நாகையிலோ மாலைக்குள் பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் முகாம்களாகிவிடும். தாசில்தார் சாவி வாங்குவார், கிராம நிர்வாக அலுவலர் ஆட்களைக் கணக்கெடுப்பார், பெரிய அண்டாவில் சாப்பாடு வேகும். ‘இந்தக் கட்டடம் எந்தத் துறை?’ என்று அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 65-வது பிரிவு, மீட்புப் பணிக்குத் தேவையான கட்டடங்களையும் வாகனங்களையும் கையகப்படுத்திப் பயன்படுத்த மாவட்ட அளவிலான அமைப்புக்கே அதிகாரம் தருகிறது.

பலருக்கும் தெரியாத செய்தி இதுதான்: மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து செலவழிக்கத் தகுதியுள்ள இயற்கைப் பேரிடர்களின் தேசியப் பட்டியலில் புயல், வெள்ளம், நிலநடுக்கத்தோடு ‘உறைபனி, குளிர் அலை’யும் இருக்கிறது. அரசின் பார்வையில் குளிர் அலையும் ஒரு பேரிடர். ஆகவே டெல்லியில் சாவி இல்லாமல் இல்லை. அதை எடுக்கும் மனம்தான் வருவதில்லை. புயல் எல்லோர் வீட்டையும் தட்டும். குளிர் வீடில்லாதவரை மட்டும்தான் தட்டுகிறது. இத்தனைக்கும் புயல் எப்போது வரும், எங்கே கரை கடக்கும் என்று தெரியாது. டெல்லியில் ஜனவரி எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

திறந்தாலும் சிலர் வருவதில்லையே, ஏன்?

‘இடம் காலியா இருக்கு, அவங்கதான் வர மாட்டேங்கிறாங்க’ என்பது அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் பதில். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் வராததற்குக் காரணங்கள் உண்டு.

தூரம்தான் முதல் காரணம். சந்தையில் விடியற்காலை நான்கு மணிக்கு லாரி வரும். மூட்டை இறக்க அங்கே நிற்பவருக்குத்தான் வேலை. ஐந்து கிலோமீட்டர் தள்ளி மெத்தை போட்டுக் கொடுத்தால் அவருக்கு அன்றைய கூலி போய்விடும். எய்ம்ஸ் வாசலில் இருப்பவரும் அப்படித்தான். காலையில் டோக்கன் வரிசையை விட முடியாது.

அடுத்தது நேரம். கல்யாண வேலைக்குப் போனவர் திரும்ப இரவு இரண்டு, மூன்று மணியாகும். அப்போது கதவு சாத்தியிருந்தால் அந்தக் காப்பகம் அவருக்கு இல்லை என்றுதான் பொருள்.

உடைமைகள் இன்னொரு கவலை. ரிக்‌ஷாவையோ தள்ளுவண்டியையோ வெளியே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. பூட்டி வைக்க ஒரு பெட்டி இல்லையென்றால் செருப்புகூட காலையில் இருக்காது.

குடும்பமாக இருப்பவர்களின் நிலை வேறு. ஆண்கள் காப்பகம் ஒன்று, பெண்கள் காப்பகம் ஒன்று என்று பிரித்தால் கணவன், மனைவி, பிள்ளைகள் சேர்ந்து நடைபாதையிலேயே இருந்துவிடுவார்கள். தனியாக இருக்கும் பெண்ணுக்கோ, ஆண்களும் இருக்கும் கூடத்தைவிட வெளிச்சமான தெருவிளக்கு பாதுகாப்பாகத் தோன்றலாம். மூட்டைப்பூச்சி, நாற்றம், போதைப் பழக்கம் உள்ளவர்களோடு சண்டை, அடையாள அட்டை கேட்பார்களோ என்ற பயம் எல்லாம் இதற்கு மேல்.

எனவே ஒரு பெரிய கட்டடத்தை ஊருக்கு வெளியே திறப்பதைவிட, மக்கள் ஏற்கெனவே படுக்கும் இடங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் பத்துச் சிறிய கட்டடங்களைத் திறப்பது நல்லது. ரயில் நிலையம், பேருந்து நிலையம், சந்தை போன்றவற்றுக்கு அருகில் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகளே சொல்கின்றன.

மற்ற நாடுகளின் அனுபவம் என்ன?

நியூயார்க்கில் 1979-இல் வீடற்ற ஆண்கள் சார்பில் ‘காலஹன்’ வழக்கு தொடரப்பட்டது. 1981-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி தங்குமிடம் தருவது நகரத்தின் சட்டப்படியான கடமையானது. நகரம் உடனே கைவைத்தது பொதுக் கட்டடங்களில்தான். வார்ட்ஸ் தீவில் மனநல மருத்துவமனை வளாகக் கட்டடம் ஒன்று காப்பகமானது. ராணுவப் பயிற்சிக் கூடங்களும் திறக்கப்பட்டன. வாஷிங்டன் ஹைட்ஸில் இருந்த கூடத்தில் ஒரே தளத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்கள் வரிசையாகக் கட்டில் போட்டுத் தூங்கினார்கள். கூரை கிடைத்தது, திருட்டும் அடிதடியும் நோயும் கூடவே வந்தன. அதற்குப் பயந்து தெருவுக்கே திரும்பியவர்கள் உண்டு. பின்னாளில் அத்தகைய பெரிய கூடங்களைக் குறைத்துச் சிறிய காப்பகங்களுக்கு நகரம் மாறியது.

பாரிஸில் 1954 குளிர்காலத்தில் அபே பியர் என்ற பாதிரியார் வானொலியில் விடுத்த வேண்டுகோள் நாட்டையே உலுக்கியது. நவம்பர் முதல் மார்ச் வரை வாடகைக் குடியிருப்பவர்களை வெளியேற்றக் கூடாது என்ற சட்டம் அதன் பிறகு வந்ததுதான். கடும் குளிர் வந்தால் உடற்பயிற்சிக் கூடங்களைத் திறப்பது அங்கே வழக்கம். 2018 டிசம்பரில் பாரிஸ் மாநகராட்சியின் தலைமைக் கட்டடத்திலேயே ஒரு பகுதி வீடற்ற பெண்களுக்கான காப்பகமாக மாற்றப்பட்டது.

லண்டனில் நடைமுறை இன்னும் நேரடியானது. நகரின் ஏதாவது ஒரு பகுதியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குப் போகும் என்று முன்னறிவிப்பு வந்தாலே, அவசரத் தங்குமிடங்களைத் திறக்கும் நடைமுறை தொடங்கிவிடும். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கக் காத்திருப்பதில்லை. இந்தியாவிலும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் வருகின்றன. எந்த நிறம் வந்தால் எந்தக் கட்டடம் திறக்கும், சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் மீதி வேலை.

சென்னைக்கு இதில் என்ன பாடம்?

சென்னையில் ஜனவரி இரவு 20 டிகிரி. குளிர் இங்கே எதிரி இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையும், மே மாத வெயிலும்தான் எதிரிகள். சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து வீடற்றோர் காப்பகங்களை நடத்துகிறது. அரசு மருத்துவமனை வளாகங்களுக்குள் நோயாளிகளின் உறவினர்களுக்கென்றே காப்பகங்கள் இருக்கின்றன. எய்ம்ஸ் வாசலில் படுத்திருக்கும் குடும்பத்துக்குத் தேவையானது சரியாக அதுதான். உச்ச நீதிமன்றம் வகுத்த ‘லட்சத்துக்கு ஒன்று’ என்ற அளவுகோல் சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் சேர்த்துத்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மார்ச் 15-க்குப் பிறகு?

குளிர்காலம் முடிந்ததும் டெல்லியில் கூடாரங்கள் மடிக்கப்படும். அவற்றில் தங்கியவர்கள் மீண்டும் நடைபாதைக்கு. அடுத்து வெயில், அதற்கடுத்து மழை. நவம்பரில் மறுபடியும் டெண்டர், மறுபடியும் கூடாரம்.

நிரந்தரமான காப்பகமும் எப்போதும் நிரந்தரம் இல்லை. ஜி-20 மாநாட்டுக்கு டெல்லி தயாராகிக்கொண்டிருந்த 2023 பிப்ரவரியில் சராய் காலே கான் பகுதியில் இருந்த காப்பகம் இடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் வேறு பகுதிக்கு மாற்றப்பட்டார்கள். காமன்வெல்த் போட்டிக்கு முன் பூசா சாலையில் நடந்தது, பதிமூன்று ஆண்டுகள் கழித்து, சத்திரத்தின் பெயரைத் தாங்கிய இடத்திலேயே நடந்தது.

ஓர் இரவுக்குக் கூரை தருவது வீட்டுப் பிரச்சினைக்குத் தீர்வு ஆகாது. வாடகைக்கு எடுக்கக்கூடிய மலிவான அறைகள், தொழிலாளர் விடுதிகள், மனநல சிகிச்சை, ரேஷன் அட்டை எல்லாம் வேண்டும். ஆனால் அவற்றுக்கெல்லாம் முதல் படி, ஒருவர் ஒரே இடத்தில் தொடர்ந்து தூங்குவது. முகவரி இருந்தால்தான் அட்டை. அதே ஆள் நாளைக்கும் இங்கேதான் இருப்பார் என்றால்தான் மருத்துவர் மாத்திரை எழுத முடியும். காப்பகத்தில் தங்குபவர்களுக்கு அடையாள அட்டையும் ரேஷனும் கிடைக்க உதவ வேண்டும் என்று திட்டமே சொல்வது அதனால்தான்.

இதற்குப் புதிதாகக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒவ்வொரு வார்டிலும் எந்தக் கட்டடம், எத்தனை பேருக்கு இடம், கழிப்பறை எத்தனை, கம்பளி எங்கே இருக்கிறது, இரவுக் காவலர் யார், சாவி யாரிடம் என்று ஒரு பக்கப் பட்டியல் போதும். அதை அக்டோபரில் தயாரிக்க வேண்டும். ஜனவரியில் தயாரித்தால், பட்டியல் முடிவதற்குள் யூசுப் சராய் அருகே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருப்பவர்களில் யாராவது ஒருவர் நடுக்கத்தை நிறுத்தியிருப்பார்.